ஒன்றும் வராத இரவையும் எழுதுங்கள்: சாலமாண்டர் சாலைகளில் நிற்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தோழர்களே,

வணக்கம். பனி உருகத் தொடங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் குளிர் விட்ட முதல் மழை பெய்யும். முட்டையிடக் குட்டைக்குப் போகும் சாலமாண்டர்கள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க, நாமெல்லாம் மறுபடியும் தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு சாலையோரம் போய் நிற்போம். அதற்கு முன்னால் உங்கள் எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் நீங்கள் எந்தச் சாலையில் நின்றாலும் இது உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் பகுதிச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு நானும் எங்கள் குழுவிலிருந்து இன்னும் இருவரும் போயிருந்தோம். கோரிக்கை சின்னதுதான். மலைச்சரிவுக்கும் குட்டைக்கும் நடுவே ஓடும் அந்த ஒரு சாலையை வசந்தத்தின் சில மழை இரவுகளில் மட்டும், இருட்டியதிலிருந்து விடியும்வரை மூடி வையுங்கள் என்று கேட்டோம். கையில் ஆறு வருடக் கோப்பு. ஒவ்வோர் இரவும் எத்தனை சாலமாண்டர்களைத் தூக்கிச் சாலையைக் கடக்க வைத்தோம் என்ற கணக்கு தேதிவாரியாக அதில் இருந்தது. பொறியாளர் பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் படித்தார். அப்புறம் கேட்டார்: “இதே இரவுகளில் எத்தனை செத்தன?”

எங்களிடம் பதில் இல்லை.

சாலையில் எந்த இடத்தில் அதிகம் கடக்கின்றன, எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் எத்தனை வண்டி போனது என்று கேட்டார். அரைகுறையாக ஏதோ சொன்னோம். கடைசியாக, “நீங்கள் போய் நின்றும் எதுவும் வராத இரவுகள் எவை? அன்றைக்கு வெப்பநிலை என்ன?” என்றார். ஆறு வருடக் கோப்பில் அப்படி ஓர் இரவுகூட இல்லை. எதுவும் வராத இரவுகளில் நாங்கள் படிவத்தை நிரப்பவே இல்லை. நனைந்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

கோரிக்கையை அவர்கள் தள்ளிவிடவில்லை. சரியான விவரத்தோடு அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். அதாவது இந்த வசந்தமும் அந்தச் சாலை திறந்தேதான் இருக்கும். வெளியே வந்தபோது கூட வந்தவர்களுக்குக் கோபம், எனக்கும்தான். இரவு உட்கார்ந்து கோப்பை மறுபடி புரட்டினேன். அவர் கேட்டது எல்லாமே நியாயமான கேள்வி. அந்தச் சாலையில் அத்தனை இரவுகள் நின்றவர்கள் நாம். அதற்கெல்லாம் பதில் தெரிந்திருக்க வேண்டியவர்களும் நாம்தான்.

நாம் ஏன் இப்படி எழுதினோம் என்று யோசித்தேன். காரணம் உங்களுக்கும் தெரியும். மழை பிடித்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தில் முதல் புள்ளிச் சாலமாண்டர் கண்ணில் படும்போது மனசுக்குள் ஒன்று நடக்கிறது. நம் கையளவு நீளம். அரணையைப் போன்ற உடம்பு, ஆனால் செதிலே இல்லாத, ஈரமான கறுப்புத் தோல். முதுகில் இரண்டு கோணல் வரிசையாக மஞ்சள் புள்ளிகள். வருடம் முழுக்க மண்ணுக்கடியில், எலிகளும் மூஞ்சூறுகளும் தோண்டிவிட்டுப் போன வளைகளில் கிடக்கும் உயிர் அது. மண்ணின் உறைபனி விட்டு, இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்து, மழையும் பெய்தால் வெளியே வரும். அந்தச் சில இரவுகளைத் தவிர அதை நாம் பார்ப்பதே அரிது. இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. நம் குழுவில் வரும் பள்ளிப் பிள்ளைகளின் கையிலிருக்கும் சாலமாண்டர் அந்தப் பிள்ளைகளைவிட மூத்ததாக இருக்கலாம். அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முந்தைய வசந்தத்திலும் அது இதே சரிவில் இறங்கி, இதே குட்டைக்குப் போயிருக்கலாம்.

அதைத் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே எதிர்ப்பக்கம் விட்டு, அது இலைச்சருகுக்குள் நுழைந்து மறைவதைப் பார்க்கும் மகிழ்ச்சி பெரியது. அதை எழுதக் கை தானாகவே போகும். பத்தடி தள்ளி நசுங்கிக் கிடப்பதை எழுதக் கை வராது.

என்னையே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய இரவில் (சாலமாண்டர்கள் கூட்டமாகக் கடக்கும் மழை இரவை அப்படித்தான் சொல்வோம்), முட்டைகளால் வயிறு புடைத்த ஒரு பெண் சாலமாண்டர் சாலை நடுவில் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அவள் பார்த்துவிடக் கூடாதென்று அதைச் சருகோடு அள்ளி ஓரமாகப் போட்டேன். படிவத்தில் எழுதவில்லை. எழுதினால் அந்த இரவில் நாங்கள் தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று அப்போது தோன்றியது. அந்தச் சாலமாண்டர் அங்கே செத்தது என்பதற்கு இன்றைக்கு எந்தச் சான்றும் இல்லை. சாலையை மூடச் சொல்லி நாங்கள் வைத்த கோரிக்கையில் அதற்கு ஒரு இடம் இருந்திருக்க வேண்டும்.

செத்தவற்றின் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? புள்ளிச் சாலமாண்டரின் வாழ்க்கைமுறையே காரணம். முட்டைகளும் குட்டைக்குள் வளரும் இளசுகளும் பெரும்பாலும் அழிந்துபோகும். ஒரு வருடம் குட்டை சீக்கிரம் வற்றினால் அந்த வருடத்து இளசுகள் முழுவதுமே போய்விடும். அதைத் தாங்கிக்கொள்ளும்படிதான் அந்த இனம் அமைந்திருக்கிறது, ஏனென்றால் வளர்ந்தவை பல வருடம் உயிரோடிருந்து மறுபடி மறுபடி முட்டையிட வரும். சாலை கொல்வதோ அந்த வளர்ந்தவற்றை. ஜேம்ஸ் கிப்ஸ், கிரிகரி ஷ்ரைவர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் மாசசூசெட்ஸின் மத்திய, மேற்குப் பகுதிகளை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். ஒரு கூட்டத்தில் வளர்ந்தவற்றுள் வருடத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு மேல் சாலையில் செத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கூட்டம் நாளடைவில் அற்றுப்போகக்கூடும் என்பது அவர்கள் முடிவு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, ஒவ்வொரு சாலமாண்டரும் சாலையை இரண்டு முறை கடக்கிறது. குட்டைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. போகையில் 100க்கு 5, திரும்புகையில் 100க்கு 5 செத்தாலே நாம் அந்த 10ஐத் தொட்டுவிடுகிறோம். 100க்கு 5 என்பது சாலையில் நின்று பார்க்கும் நமக்குக் கண்ணில் படாது. “இன்றைக்குப் பரவாயில்லை, கொஞ்சம்தான் அடிபட்டிருக்கு” என்று சொல்லிக்கொண்டு போய்விடுவோம். அந்தக் கொஞ்சத்தை எண்ணி, குட்டைக்கு வந்த மொத்தத்தோடு ஒப்பிட்டால்தான் அது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். 300ஐத் தூக்கிவிட்டோம் என்பதிலிருந்து இது எதுவும் தெரியவராது. 300 கடந்ததில் 5 செத்ததா, 150 செத்ததா? நம் கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

செத்தவற்றை விடிந்த பிறகு போய் எண்ணிக்கொள்ளலாம் என்றும் சிலர் நினைக்கிறோம். அதற்குள் பாதி காணாமல் போயிருக்கும். காகமும் ரக்கூனும் தின்றுவிடும், மழை அடித்துக்கொண்டு போகும், அடுத்தடுத்த டயர்கள் அடையாளமே இல்லாமல் தேய்த்துவிடும். இரவிலேயே, பார்த்த அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். எழுதியதும் அதைச் சாலையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் அடுத்து வருகிறவர் அதையே மறுபடி எண்ணமாட்டார், அதைத் தின்ன வரும் பிராணியும் அடிபடாது.

அடுத்தது ஒன்றும் வராத இரவு. இந்த மடலையே நான் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்.

ஒரு சாலை அதிகாரியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சாலையை மூடுவதென்றால் மாற்றுப்பாதை அறிவிக்க வேண்டும், தடுப்பு வைக்க ஆள் அனுப்ப வேண்டும், ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சொல்லிவைக்க வேண்டும். வருடத்தில் நாலைந்து இரவு என்றால் அவரால் முடியலாம். மார்ச், ஏப்ரல் முழுக்க மழை பெய்யும் இரவெல்லாம் என்றால் முடியாது. ஆகவே அவருக்குத் தெரிய வேண்டியது, எந்த இரவில் சாலையைத் திறந்துவைத்தால் பாதகமில்லை என்பது. நல்ல இரவுகளை மட்டும் எழுதிவைத்த கோப்பு அதைச் சொல்லாது. 3 டிகிரியில் மழை பெய்தது, நாலு பேர் மூன்று மணி நேரம் நடந்தோம், ஒன்றுகூட வரவில்லை என்று எழுதிய தாள்தான் சொல்லும். நாலு நாள் மழையில்லை, 9 டிகிரி இருந்தும் எதுவும் நகரவில்லை என்ற தாளும் சொல்லும். இப்படி வெறும் தாள்கள் நாற்பது சேர்ந்தால், எந்த அளவு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அவை வெளியே வருகின்றன என்பது நம் சாலைக்கே உரிய கணக்காகக் கிடைத்துவிடும். அப்புறம் வானிலை அறிக்கையைப் பார்த்து, காலையிலேயே அதிகாரிக்குப் போன் போட்டு “இன்றைக்கு வேண்டும்” என்று நம்மால் சொல்ல முடியும். “இன்றைக்கு வேண்டாம்” என்றும் சொல்ல முடியும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று சொல்லும்போது மதிப்பு கூடும்.

அதோடு, எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினோம் என்பதை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் வருடங்களை ஒப்பிடவே முடியாது. போன வருடம் 12 பேர் வந்தோம், 200 கிடைத்தது. இந்த வருடம் மூன்று பேர், 60. சாலமாண்டர் குறைந்துவிட்டதா, ஆள் குறைந்துவிட்டதா? தொடங்கிய நேரம், முடித்த நேரம், வந்த ஆட்களின் எண்ணிக்கை, நடந்த தூரம் என்று நாலு கட்டங்களை நிரப்ப ஒரு நிமிடம் போதும்.

எண்ணினால் எதுவும் நடந்துவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு வெர்மாண்டின் மான்க்டன் ஊரைச் சொல்வேன். அங்கே 2006இல் இரண்டே இரவில் சாலமாண்டர், தவளை போன்ற இருவாழ்விகள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே சாலையில் செத்ததை எண்ணி எழுதினார்கள். அந்த எண் கையில் இருந்ததால் ஊரைத் திரட்ட முடிந்தது, பணம் கேட்க முடிந்தது. 2015இல் சாலைக்கு அடியில் இரண்டு சுரங்கப்பாதைகளும், பிராணிகளை அதன் வாய்க்குத் திருப்பிவிடும் பக்கச் சுவர்களும் வந்தன. அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. கட்டுவதற்கு முன் சில வருடம், கட்டிய பின் பல வருடம், சுவர் இருக்கும் பகுதியிலும் சுவர் இல்லாத பகுதியிலும் தொடர்ந்து எண்ணினார்கள். 2025இல் வெளியான முடிவு: சாவு 80 சதவீதம் குறைந்திருக்கிறது. சுவரில் ஏறிவிடக்கூடிய சின்னத் தவளைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் 94 சதவீதம். செத்தவற்றை எழுத மனம் வராத ஒரு குழுவால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. குறைந்தது என்று சொல்ல முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா?

மற்ற ஊர்களும் உண்டு. மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்டில் 1987இலேயே ஹென்றி தெருவுக்கு அடியில் சாலமாண்டருக்கென்று சுரங்கப்பாதை போட்டார்கள், ஈரமும் வெளிச்சமும் இறங்க மேலே துளைகளோடு. கனடாவில் ஒன்டாரியோவின் பர்லிங்டன் நகரம் ஜெஃபர்சன் சாலமாண்டர் என்ற இன்னோர் இனத்துக்காக 2012 முதல் கிங் ரோட்டின் ஒரு பகுதியை வசந்தத்தில் மூடிவருகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரம் நம்மைப் போன்ற தன்னார்வலர்களின் துணையோடு பெரிய இரவுகளில் சாலையை மூடுகிறது. ஆகவே நாம் கேட்பது யாரும் கேட்காத ஒன்று இல்லை.

சரி, எப்படி எழுதுவது? எங்கள் குழுவில் இந்த வருடம் இப்படிச் செய்யப்போகிறோம். சாலையை 50 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, மரத்தில் எண் கட்டியிருக்கிறோம். பார்த்ததும் துண்டு எண், மணி, உயிரோடா செத்தா, எந்தப் பக்கம் நோக்கிப் போனது, இவ்வளவும் போதும். ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் ஒருவர் வண்டிகளை மட்டும் எண்ணுவார். அது சலிப்பான வேலை, அதனால் முறை வைத்துக்கொள்கிறோம். எழுதுகிறவரும் தூக்குகிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. ஈரக் கையால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் சாலமாண்டரை வைத்திருந்தால் இரண்டில் ஒன்று தவறும். அது எப்போதும் எழுத்தாகத்தான் இருக்கும்.

இனம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். புள்ளிச் சாலமாண்டரில் சந்தேகம் வராது. ஜெஃபர்சன், நீலப்புள்ளி என்ற இரண்டு சாலமாண்டர் இனங்களிலும் நிச்சயம் வரும், ஏனென்றால் அவை இரண்டோடும் சேர்ந்து திரியும் பெண்பால் மட்டுமே கொண்ட ஒரு வம்சம் இருக்கிறது. அது பல லட்சம் வருடங்களாகப் பக்கத்து இனங்களின் ஆண்களிடமிருந்து விந்தை வாங்கிக்கொண்டு தன் வழியை நடத்திவருகிறது. கண்ணால் பார்த்து யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது, மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே பெயரில் குறித்தால் போதும். துணிந்து ஊகித்து எழுதிய பெயரைவிட நேர்மையான கேள்விக்குறி பயன்படும்.

முடிந்தால் முதுகைப் படம் எடுங்கள். மஞ்சள் புள்ளிகளின் அமைப்பு ஒன்றுக்கொன்று மாறும், நம் கைரேகை போல. பல வருடப் படங்களை ஒப்பிட்டால் அதே சாலமாண்டர் திரும்பி வந்ததைக் காட்ட முடியும். போன வசந்தத்தில் அப்படி ஒன்றை நான் அடையாளம் கண்டேன். வால் அடியில் மூன்று புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரு பிறை மாதிரி இருந்தன. அதற்கு மூன்று வருடம் முன்பு எடுத்த படத்தில் அதே பிறை. அதே சாலைத் துண்டு. இடையில் எத்தனை முறை அது தனியாக அந்தச் சாலையைக் கடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த இரு படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்காக. அவற்றின் தோல் தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடும், நம் கையில் இருப்பதையும் விடும். சானிடைசர், கொசு மருந்து, கிரீம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. நனைந்த வெறுங்கை, அல்லது நனைத்த நைட்ரில் கையுறை. வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வாளியில் கூட்டமாகப் போட்டு நேரே குட்டையில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். சாலையைக் கடக்க வைத்தால் போதும், மிச்ச வழி அதற்குத் தெரியும். “இந்தக் குட்டை நல்லா இல்லை, அடுத்த குட்டைக்குக் கொண்டுபோகலாம்” என்ற எண்ணம் யாருக்கும் வரவே கூடாது. ஐரோப்பாவில் நெருப்புச் சாலமாண்டர்களை நெதர்லாந்தில் ஏறக்குறைய துடைத்துவிட்ட தோல்தின்னிப் பூஞ்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வணிகத்தில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அது இங்கே நுழைந்துவிடக் கூடாதென்றுதான் அமெரிக்க அரசு 2016இல் 201 வகைச் சாலமாண்டர்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. இங்கே ஏற்கெனவே இருக்கும் நோய்களை ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோவது நம் பூட்ஸாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு குட்டையில் இறங்கிய பூட்ஸைச் சேறு போகத் தேய்த்து, கிருமிநாசினி போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த குட்டையில் வைக்க வேண்டும்.

நம் உயிர் முதலில். வண்டி வெளிச்சம் தெரிந்தால் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும், சாலை நடுவில் எத்தனை சாலமாண்டர் இருந்தாலும் சரி. இதில் நான் யாரோடும் விவாதிக்க மாட்டேன். கண்முன்னால் ஒன்று நசுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். நின்று, எழுதுங்கள்.

பெரிய இரவு முடிந்ததும் நம் குழுக்கள் கலைந்துவிடுகின்றன. இதையும் மாற்ற வேண்டும். திரும்பும் பயணம் அப்படி ஒரே இரவில் கூட்டமாக நடப்பதில்லை. வாரக்கணக்கில், ஒன்றிரண்டாக, நாம் யாரும் இல்லாத சாலையில் நடக்கிறது. கோடையின் இரண்டாம் பாதியில் குட்டையிலிருந்து கால் முளைத்து ஏறிவரும், விரல் நீளம்கூட இல்லாத இளசுகளையும் நாம் எண்ணியதே இல்லை. எல்லா இரவும் முடியாது என்பது எனக்கும் தெரியும். பெரிய இரவுக்கு அடுத்து வரும் மூன்று மழைகளுக்கு இரண்டிரண்டு பேராவது நிற்கலாம். 10 சதவீதக் கணக்கில் பாதி அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

குட்டையையும் மறக்க வேண்டாம். சாலையில் எத்தனை செத்தன என்பதை எதோடு ஒப்பிடுவது? குட்டைக்கு வந்து சேர்ந்தவற்றோடு. அதற்கு எளிய வழி முட்டைத் திரள்களை எண்ணுவது. வெயில் பளிச்சென்று இருக்கும் பகலில், தண்ணீரின் மினுமினுப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாக ஓரத்தைச் சுற்றி வர வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை ஒருவர் கேட்காமல் எண்ணுவது நல்லது. இரு எண்களும் எவ்வளவு விலகுகின்றன என்பதே நாம் எவ்வளவு தவறவிடுகிறோம் என்பதைக் காட்டும். காட்டுத் தவளையின் திரளும் அங்கே இருக்கும். ஆனால் அது வெளியுறை இல்லாமல் முண்டும் முடிச்சுமாக இருக்கும். புள்ளிச் சாலமாண்டரின் திரளைச் சுற்றிக் கெட்டியான கூழ் உறை ஒன்று உண்டு, சில தெளிவாக, சில பால் வெள்ளையாக. காட்டுத் தவளை ஒன்றுக்கு ஒரு திரள் என்று வைத்துக்கொள்ளலாம். சாலமாண்டர் ஒன்றே பல திரள்கள் இடும், ஆகவே திரள் எண்ணிக்கையை அப்படியே பெண்களின் எண்ணிக்கையாக எழுதிவிடக் கூடாது.

சில வாரம் கழித்துப் போனால் அந்தத் திரள்கள் பச்சை பாரித்திருக்கும். அழுகிவிட்டது என்று பயந்து எனக்கு எழுதியவர்கள் உண்டு. அது பாசி. முட்டைக்குள்ளேயே வாழ்ந்து, கருவுக்கு ஆக்சிஜன் கொடுத்து, அதன் கழிவைத் தான் எடுத்துக்கொள்ளும் பாசி. கருவின் உயிரணுக்களுக்கு உள்ளேயே அது நுழைந்திருப்பதை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முதுகெலும்பு உள்ள உயிர் ஒன்றில் அப்படி ஓர் உறவைக் கண்டது அதுவே முதல்முறை. நாம் நிற்கும் சாலையின் அந்தப் பக்கம், கோடையில் வற்றிப்போகும் ஒரு சின்னக் குட்டைக்குள் இது நடந்துகொண்டிருக்கிறது. மீன் வாழ முடியாதபடி அது வற்றிவிடுவதால்தான் இந்த முட்டைகள் பிழைக்கின்றன. அந்தக் குட்டையை வரைபடத்தில் பலர் குறிப்பதுகூட இல்லை. நம் எண்ணிக்கைத் தாள் அதற்கும் ஓர் ஆவணம்.

இப்படிக் கணக்கு, கட்டம், தாள் என்று போனால் இரவின் அழகு போய்விடும், மக்கள் வரமாட்டார்கள் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வருத்தப்பட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. முதலில் தூக்குவோம், அப்புறம்தான் எழுதுவோம், அந்த வரிசை மாற வேண்டியதில்லை. பிள்ளைகள் எழுதுவதைச் சுமையாக நினைப்பதும் இல்லை. போன வருடக் கடைசி மழையில் அந்தச் சிறுமியிடம் பென்சிலைக் கொடுத்தேன். சாலையில் ஒன்று செத்துக் கிடந்ததை அவளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு மணி என்ன என்று என்னிடம் கேட்டு, தாளில் எழுதினாள். அதன் பிறகுதான் அழுதாள். நான் இரண்டு வருடத்துக்கு முன் அவளிடமிருந்து மறைத்ததை அவளால் தாங்க முடிந்தது, எழுதவும் முடிந்தது.

புதிய படிவத்தை இந்த வாரம் அச்சடித்துவிட்டோம். செத்தவற்றுக்கான கட்டத்தை முதலில் வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் “எதுவும் வரவில்லை” என்று ஒரு கட்டம், டிக் அடித்தால் போதும். உங்கள் சாலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். நனையாத காகிதமும் பென்சிலும் போதும், பேனா மழையில் எழுதாது. எங்கள் சாலையில் முதல் தாள் நேற்றிரவே நிரம்பிவிட்டது: 2 டிகிரி, தூறல், இரண்டு பேர், 8 மணி முதல் 10 மணி வரை, வண்டி 14, எதுவும் வரவில்லை.

அன்புடன்,
சாலையோரத்திலிருந்து உங்கள் தோழர்